பெரியவர் வார்டுக்குப் போகும் குழந்தை மருத்துவர்கள்: முதலில் மாற வேண்டிய கணக்கு

2020 மார்ச், ஏப்ரலில் கொரோனா நியூயார்க்கைப் புரட்டிப் போட்டபோது, குழந்தைகள் ஐசியூக்களிலேயே பெரியவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. அப்படியொரு நெருக்கடிக்குக் குழந்தை மருத்துவர்களைத் தயார்படுத்துபவர்கள் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டாம். ஆக்சிஜன், மூச்சுத்திணறல், வென்டிலேட்டர் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. குழந்தைக்குச் செய்வதுபோல எடையைப் பார்த்ததும் அதால் மருந்தளவைப் பெருக்கத் தொடங்கும் பழக்கம்தான் ஆபத்து. பயிற்சியின் முதல் மணி நேரத்தை அதற்கே ஒதுக்குங்கள்.

குழந்தைகளுக்குக் குரல்வளை வீங்கி வரும் குரூப் இருமலுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கிலோவுக்கு 0.6 மி.கி. 80 கிலோ ஆளுக்கு அதே கணக்கைப் போட்டால் 48 மி.கி. வரும். ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு வேண்டியதோ நாளுக்கு 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். சலைனும் அப்படித்தான்: கிலோவுக்கு 20 மி.லி. என்றால் 1,600 மி.லி.; இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும். 250 மி.லி. கொடுங்கள், நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேளுங்கள், பிறகு அடுத்ததை முடிவு செய்யுங்கள்.

வென்டிலேட்டரில் எடை வேண்டும்தான், ஆனால் உயரத்திலிருந்து கணக்கிட்ட எடை. 170 செ.மீ. ஆணுக்கு அது 66 கிலோ. ஒரு மூச்சுக்குச் செலுத்தும் காற்று கிலோவுக்கு 6 மி.லி. வீதம் சுமார் 400 மி.லி. அவர் 100 கிலோ இருந்தாலும் இதே அளவுதான். தராசை நம்பி 600 வைத்தால் நுரையீரல் காயப்படும். ஒவ்வொரு கட்டிலிலும் அளவு டேப் ஒன்று தொங்கட்டும்.

அடுத்தது கண் பழக்கம். நாடி 120, மூச்சு 28 என்பது ஒரு வயதுக் குழந்தைக்குச் சாதாரணம், பெரியவருக்கு எச்சரிக்கை. நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு, உறுப்புகளுக்கு ரத்தம் போதாத அதிர்ச்சி நிலையிலும் (ஷாக்) நாடி ஏறாமல் இருக்கலாம். அதனால் வீட்டு மாத்திரைப் பையை முதல் நாளே கொட்டிப் பாருங்கள். 75 வயது, 45 கிலோ மூதாட்டியின் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.0 என்றால் நிம்மதியடையாதீர்கள்: வயது, எடையைச் சேர்த்துப் பார்க்கும் காக்கிராஃப்ட் கணக்கில் சிறுநீரகத் திறன் நிமிடத்துக்கு சுமார் 35 மி.லி.தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சாபரின் 40 மி.கி. ஊசியைப் போடுமுன் இதைப் பார்த்தே ஆக வேண்டும், 30-க்குக் கீழே போனால் டோஸ் குறையும்.

நெஞ்சு வலி என்றால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சிரைப்புமாகவும் மாரடைப்பு வரும்.

இதய நிறுத்தத்தைப் படித்தால் போதாது, பொம்மையில் பழகுங்கள். குழந்தைக்குப் பெரும்பாலும் மூச்சு நின்று இதயம் நிற்கும். பெரியவருக்குப் பல நேரம் இதயமே முதலில் நிற்கும், நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சும் டிஃபிப்ரிலேட்டர் உடனே வர வேண்டும். நெஞ்சை அழுத்துவது 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, அட்ரினலின் 1 மி.கி.

தொடக்கத்தில் இணை நோய் இல்லாத இளவயதினரை மட்டும் ஒப்படையுங்கள். எல்லா ஷிஃப்டிலும் கூப்பிட்ட குரலுக்கு வரும் பொது மருத்துவர் ஒருவர் இருக்கட்டும். சம்மதம் கேட்கையில் கண் தானாக உறவினர் பக்கம் போகும். நோயாளி தெளிவாக இருந்தால் அவரிடமே கேளுங்கள். வென்டிலேட்டர் வேண்டுமா என்பதையும் அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.