இரும்புச்சத்து மாத்திரை: அடிக்கடி நடக்கும் தவறுகள்

அதிகமாகச் சேர்ந்த இரும்பை வெளியேற்ற நம் உடம்பில் தனி வழி கிடையாது. தோலும் குடல் செல்களும் உதிரும்போது நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் போகிறது. ஏறக்குறைய அதே அளவைத்தான் குடலும் உள்ளே விடுகிறது. உள்ளே விடுவதைக் கட்டுப்படுத்துவது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். உடம்பில் இரும்பு இருப்பு நிறைந்தாலோ அழற்சி வந்தாலோ ஹெப்சிடின் ஏறும்; குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் பாதை அடைபடும்.

இதை மறந்துவிட்டு, காலையும் மாலையும் ஒவ்வொன்று போட்டால் சீக்கிரம் ஏறும் என்று நினைப்பவர்கள் அதிகம். 60 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனதுமே ஹெப்சிடின் உயர்ந்து, சுமார் 24 மணி நேரம் அப்படியே நிற்கும். மாலை மாத்திரையில் பெரும்பகுதி குடலிலேயே தங்கி வயிற்று வலி, மலச்சிக்கல், குமட்டலைத்தான் தரும். நாளுக்கு ஒரு வேளை போதும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதும் உண்டு. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, அமிலம் குறைக்கும் மருந்து எதுவும் கூடவே வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்துவது இன்னொரு தவறு. இருப்பு இன்னும் காலியாகத்தான் இருக்கும். மேலும் சுமார் 3 மாதம் தொடர வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குடலில் ரத்தக்கசிவு. வெறும் மாத்திரை கொடுத்து அனுப்பினால் அதற்குப் பின்னால் இருக்கும் புற்றுநோய்கூடத் தப்பிவிடும்.

பரிசோதனையிலும் சறுக்கல் உண்டு. ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு ஒரே நாளில் ஏறி இறங்கும். அதை மட்டும் நம்பக்கூடாது. இருப்பைக் காட்டுவது, இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டின். அது மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காய்ச்சலிலும் மூட்டழற்சியிலும் அது தானாக உயரும். 60 என்று வந்தாலும் உள்ளே பற்றாக்குறை ஒளிந்திருக்கலாம். அப்போது டிரான்ஸ்ஃபெரின் செறிவையும், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள்: 20 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 45-க்கு மேலே மிகை பற்றி யோசிக்க வேண்டும். சிவப்பணு சிறிதாக, ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா மரபுக்கூறு (ஹீமோகுளோபின் உற்பத்தியில் பிறவியிலேயே வரும் குறை) இருக்கலாம். அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுப்பது வீண், சில சமயம் கெடுதலும்கூட.

ஃபெரிட்டின் உயர்ந்தாலே இரும்பு மிகை என்று பயப்படவும் வேண்டாம். கொழுப்புக் கல்லீரல், மது, தொற்று எதுவும் அதை உயர்த்தும். டிரான்ஸ்ஃபெரின் செறிவும் சேர்ந்து உயர்ந்தால் மரபணுச் சோதனை. பரம்பரையாக வரும் இரும்பு மிகைக்கு ரத்தம் எடுப்பதே சிகிச்சை: 500 மில்லியோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகும். உணவுக் கட்டுப்பாடு மட்டும் அந்த வேலையைச் செய்யாது.

மாத்திரை டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். 65 மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரை பத்து, 10 கிலோ குழந்தையின் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தி வரும். சில மணி நேரத்தில் தெளிந்ததுபோலத் தோன்றும். அதைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், கல்லீரல் பாதிப்பு அதற்குப் பிறகுதான் தெரியும்.