லோடு ஏற்ற வரும் சர்தார்களின் சாமியைத் தெரிந்துகொள்ள

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறேன். ஜவ்வரிசி மூட்டை ஏற்ற வரும் வடக்கத்தி வண்டிகளில் சர்தார் டிரைவர்கள், அதாவது சீக்கியர்கள், உண்டு. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் எல்லாரும் ஒருநாள் கேட்டுவிடுவார்கள்: "அவங்க சாமி யாருண்ணே?" அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே பாருங்கள். பஞ்சாபி எழுத்தான குர்முகியில் 1 என்ற எண், ஒட்டினாற்போல் ஓங்காரம், அதன் தலைமேல் நீண்டு போகும் ஒரு வளைவு. 'இக் ஓங்கார்'. கடவுள் ஒருவரே. அவர்களுடைய திருநூல் தொடங்குவதே இந்தக் குறியில்தான். அதற்கு அடுத்து வரும் சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யுங்கள்: சத் நாம், கர்த்தா புருக், நிர்பவ், நிர்வைர், அகால் மூரத், அஜூனி, சைபங், குர் பிரசாத். உண்மையே அவர் பெயர், எல்லாம் படைத்தவர், பயமில்லாதவர், பகையில்லாதவர், காலத்துக்குக் கட்டுப்படாதவர், பிறப்பில்லாதவர், தானாகவே இருப்பவர், குருவருளால் அறியப்படுபவர்.

பிறப்பில்லாதவர் என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். பிறக்காதவருக்கு அவதாரம் இல்லை, உருவம் இல்லை, சிலையும் இல்லை. கேபினில் மாட்டியிருக்கும் வெள்ளைத்தாடிப் பெரியவர் கடவுள் அல்ல, முதல் குருவான நானக் (1469–1539). அவர் காட்டிய கடவுளைத்தான் 'வாஹேகுரு' என்று அழைக்கிறார்கள். எனக்கு மனதில் நிற்பது 'நிர்வைர்'. யார்மேலும் பகையில்லாத கடவுள் என்றால், அவருக்கு வேண்டாதவர் என்று ஊரில் ஒருவரும் கிடையாது. பையன்களிடம் இதை அழுத்திச் சொல்வேன்.

அப்புறம் நூல். நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். அவர்களுடைய திருநூலான குரு கிரந்த சாகிப்பின் முதல் வடிவத்தை 1604-ல் ஐந்தாம் குரு அர்ஜன் தொகுத்து அமிர்தசரஸ் பொற்கோயிலில் வைத்தார். 1708-ல் மகாராஷ்டிரத்து நாந்தேடில் பத்தாம் குரு கோவிந்த் சிங், தமக்குப் பிறகு மனிதர் யாரும் குரு இல்லை, இந்த நூலே குரு என்றார். அதனால்தான் காலையில் விதானத்தின் கீழ் எழுந்தருளச் செய்து, சாமரம் வீசி, இரவில் பட்டுத்துணி போர்த்தித் துயில வைக்கிறார்கள். "புத்தகத்தைச் சாமியாக்கிட்டாங்க" என்று சொல்வது தவறு. தலை வணங்குவது உள்ளே இருக்கும் சொல்லுக்கு. கடவுளிடம் போக வழி காட்டுவது அந்தச் சொல்.

1,430 பக்கம் என்று மலைக்க வேண்டாம், கேட்டுப் பழகுங்கள். பெரும்பகுதி பாட்டுதான், 31 ராகங்களில் அடுக்கியிருக்கிறார்கள். சுகவனேசுவரர் கோயிலில் ஓதுவார் பண்ணோடு பாடக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. குருமார்கள் பாட்டு மட்டும் என்று நினைக்காதீர்கள். கபீர் நெசவாளி, ரவிதாஸ் தோல் தொழிலாளி, நாம்தேவ் மராட்டியர், ஃபரீத் முஸ்லிம் சூஃபி. எல்லார் பாட்டுக்கும் ஒரே மரியாதை. குகை, அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கபீரிலிருந்து தொடங்கலாம்.

தினமும் நூலை ஏதோ ஓரிடத்தில் திறந்து, அங்கே வரும் பாட்டை அன்றைய கட்டளையாக வாசிப்பார்கள். 'ஹுகம்நாமா' என்று பெயர். பொற்கோயிலில் வாசிப்பது செல்போனிலேயே கிடைக்கிறது. டிரைவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் டெலிவரி சலானை நீட்டாமல், முடியும் வரை காத்திருங்கள்.

நேரில் பார்க்க பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் உள்ள குருத்வாராவுக்கு, அதாவது சீக்கியர் கோயிலுக்கு, போகலாம். எந்தச் சாதி, மதம் என்று கேட்க மாட்டார்கள். பீடி, சிகரெட், புகையிலை எதுவும் பையில்கூட இருக்கக் கூடாது. செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, தலையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். நூலின் முன் நெற்றி தரையில் படக் கும்பிட்டுவிட்டு, அதன் பக்கம் கால் நீட்டாமல் தரையில் உட்காருங்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை சேர்த்துக் கிளறிய பிரசாதம் தருவார்கள். இரண்டு கையையும் குவித்து வாங்குங்கள். சாப்பிட முடிந்த அளவு மட்டும் கேளுங்கள், வீணாக்கக் கூடாது. பிறகு லங்கர் என்ற பொதுப் பந்தியில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், காசு கிடையாது. நேரம் இருந்தால் தட்டு கழுவும் இடத்தில் போய் நில்லுங்கள், வேலை தருவார்கள்.