சோயா பால்: பச்சை வாடை இல்லாமல் வீட்டிலேயே எடுக்கும் முறை

வீட்டில் எடுத்த சோயா பாலில் பச்சை வாடை அடிக்கிறது என்று பலர் ஒரே முறையோடு அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஊறிய சோயா பயறு குளிர்ந்த நீரில் அரைபடும்போது, அதிலுள்ள லிப்பாக்சிஜினேஸ் என்னும் நொதி பயறின் எண்ணெயிலும் காற்றிலும் வினைபுரிந்து அந்த வாடையை உண்டாக்குகிறது. கொதிநீர் ஊற்றி அரைத்தால் நொதி செயலிழந்து, வாடை பெருமளவு அடங்கிவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் வாங்கும்போது முழு சோயா பயறு என்று சொல்லிக் கேளுங்கள். மீல் மேக்கர் எண்ணெய் எடுத்த மாவில் செய்யப்படுவது. அதில் பால் எடுக்க இயலாது.

200 கிராம் பயறைக் கழுவி, மூன்று மடங்கு நீரில் ஊறவையுங்கள். சேலத்துக் கோடையில் எட்டு மணி நேரம் போதும். இடையில் ஒருமுறை நீரை மாற்றாவிட்டால் புளித்துவிடும். ஏற்காட்டுக் குளிரில் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். கடிகாரத்தைவிடப் பயறையே நம்பலாம்: ஒன்றை இரண்டாகப் பிளந்தால் உட்புறம் தட்டையாகவும் ஓரம் முதல் நடுவரை ஒரே நிறமாகவும் இருக்க வேண்டும். நடுவில் குழியும் அடர்ந்த மஞ்சளும் தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும்.

ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, பயறின் மேல் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து வடித்துவிடுங்கள். பிறகு ஒன்றரை லிட்டர் நீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, அதில் சிறிது சிறிதாக எடுத்து ஊற்றி அரையுங்கள். எவர்சில்வர் ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்து, விட்டுவிட்டு ஓட்டுவது அவசியம். ஆவி மூடியைத் தூக்கியடித்தால் கை வெந்துபோகும். அரைத்ததை மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்து, சூடு தணிந்ததும் இறுகப் பிழியுங்கள்.

அடுத்துக் காய்ச்சுவதில்தான் மிகுந்த பொறுமை வேண்டும். அடிகனமான, பாதிக்கு மேல் நிறையாத பாத்திரத்தில் அடிவரை துழாவிக்கொண்டே காய்ச்சும்போது, உண்மையான கொதி வருவதற்கு வெகு முன்பே நுரை குபுகுபுவென எழும்பும். அதைப் பார்த்துப் பால் காய்ந்துவிட்டது என்று இறக்குவது பெருந்தவறு. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் அப்போது போதிய அளவு அழிந்திருக்காது, வயிற்றைப் புரட்டும். தீயைக் குறைத்து, நுரை அடங்கியபின் முழுக் கொதியில் இருபது நிமிடம் வையுங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் நீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால், அங்கு இன்னும் ஐந்து நிமிடம் கூட்டுவது நல்லது. நேரத்தை மிச்சப்படுத்தக் குக்கரில் ஊற்றிவிடாதீர்கள்; நுரை ஆவித் துளையை அடைத்துவிடும்.

ஒரு சிட்டிகை உப்பும் தேவையான சர்க்கரையும் இறக்கியபின் சேருங்கள். காபிக்கு ஊற்றுவதானால், சூடான பாலில் டிக்காஷனைச் சிறிது சிறிதாகக் கலந்தால் திரியும் வாய்ப்புக் குறைவு. பாலை ஆறியவுடன் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இதைக் கொடுக்கக் கூடாது.

பிழிந்த சக்கையை அடை மாவிலோ சப்பாத்தி மாவிலோ சேர்க்கலாம். ஆனால் அது இன்னும் முழுமையாக வேகாதது என்பதால், முதலில் ஆவியில் இருபது நிமிடம் வேகவைத்துக்கொள்ளுங்கள்.