பழைய பாய்மரப் படகு வாங்க: 27 அடியா, 32 அடியா?

மகளும் மாப்பிள்ளையும் மலேசியாவில், பினாங்கில் வேலை பார்க்கிறார்கள். லங்காவியில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கி, விடுமுறையில் தீவு தீவாகப் போய்வர வேண்டும் என்று ஆசை. தேடித் தேடிக் கடைசியில் இரண்டு படகுகள் தேறின. ஒன்று ஸ்வீடனில் கட்டிய ஆல்பின் வேகா, 27 அடி. மற்றது இங்கிலாந்தில் கட்டிய கான்டெஸா, 32 அடி. இரண்டுமே எழுபதுகளில் கட்டியவை. நான் சேலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தர ஆய்வில் இருந்து ஓய்வு பெற்றவன். "மாமா, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க" என்று மாப்பிள்ளை கூப்பிட்டார். அங்கே பார்த்ததையும் அஸ்தம்பட்டி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். படகு வாங்க நினைக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும்.

முதலில் மொத்த நீளத்தை ஓரமாக வையுங்கள். தண்ணீரைத் தொடும் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். அதை அடிக்கணக்கில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால், இந்த மாதிரி கனமான படகின் உச்ச வேகம் தோராயமாக நாட் கணக்கில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வந்துவிடும். வேகாவுக்குத் தண்ணீரில் 23 அடி, கான்டெஸாவுக்கு 24 அடி. விடை 6.4, 6.6. பகல் முழுக்க ஓடினாலும் இரண்டுக்கும் ஒன்றிரண்டு கடல் மைல்தான் வித்தியாசம். பெரிய படகு என்றால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று மகள் நம்பியிருந்தாள். இந்தக் கணக்கைப் பார்த்ததும் அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்து எடை. வேகா சுமார் 2.3 டன், கான்டெஸா சுமார் 4.3 டன். நீளத்தில் ஐந்து அடிதான் கூடுதல், எடையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. படகின் உண்மையான அளவு இதுதான். நங்கூரம், சங்கிலி, கயிறு, பாய், எஞ்சின், அடியில் பூசும் பெயின்ட் என்று எல்லாச் செலவும் இதைத் தொட்டே ஏறும். அதற்குக் கைமேல் பலனும் உண்டு: அலை பெரிதாகும்போது கனமான படகு நின்று தாங்கும். 1979இல் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தைப் புயல் அடித்தபோது, சின்னப் படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒரு கான்டெஸா 32 மட்டும்தான். ஆனால் இவர்கள் ஓட்டப்போகும் மலாக்கா நீரிணையில் பெரும்பாலும் காற்றே குறைவு. எஞ்சினை நம்பித்தான் பாதிப் பயணம். விடியலுக்கு முன் திடீரென்று வரும் சுமத்ரா சூறைக்காற்றில், பாயைச் சட்டென்று சுருக்கி இறக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. அதை இருவர் கையால் செய்து பாருங்கள்.

மாப்பிள்ளை ஒரு நியாயமான கேள்வி கேட்டார். புதுச்சேரி ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் இரண்டே பேராக தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024-25இல் உலகைச் சுற்றி வந்தார்களே என்றார். எனக்கும் பெருமைதான். ஆனால் அவர்கள் கடற்படை அதிகாரிகள், பல வருடம் பயிற்சி எடுத்தவர்கள், படகைப் பராமரிக்கக் கடற்படையே பின்னால் இருந்தது. சனி, ஞாயிறு மட்டும் கடலுக்குப் போகிறவர்கள் தங்கள் கைப்பலத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

ஆழத்தையும் பாருங்கள். வேகாவுக்கு நாலடிக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் போதும். கான்டெஸாவுக்கு ஐந்தரை அடி வேண்டும். அலையாத்திக் காட்டு ஓடைகளுக்குள் போகும் ஆசை இருந்தால் இந்த வித்தியாசம் பெரிது.

இனி என் துறை. சங்ககிரிப் பக்கம் பழைய லாரி வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்குவதில்லை, குனிந்து சேஸிஸைப் பார்ப்பார்கள். படகில் அந்த இடம் செயின் பிளேட். பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் எஃகுக் கம்பிகள் வந்து மாட்டும் பட்டை அது. மேல்தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள ஆக்சிஜன் வேண்டும். தளத்துக்குள் புதைந்த பகுதியில் உப்புத் தண்ணீர் தேங்கினால் ஆக்சிஜன் கிடைக்காது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டே போகும். மாலிப்டினம் கலந்த 316 தரம்கூட இந்த இடத்தில் முழுப் பாதுகாப்பு இல்லை.

அதனால் செயின் பிளேட்டின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். பட்டை தளத்துக்குள் நுழையும் இடத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். டீ நிறக் கறை வந்தால் சந்தேகப்படுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பூதக்கண்ணாடியில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். கீழே மரப் பலகையில் கறுத்த ஈரத்தடம் இருக்கிறதா? நாங்கள் பார்த்த கான்டெஸாவில் இடது பக்கம் கறையும் இருந்தது, ஈரத்தடமும் இருந்தது. கம்பிகள் எப்போது மாற்றியவை என்பதற்கு ரசீதும் இல்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை கம்பிகளை மாற்றுவது வழக்கம். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். வேகாவில் புதுக் கம்பி, ரசீதோடு.

எஞ்சினை ஓட்டிக் காட்டுவதற்கு முன் அதன் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்னே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பற்றுகிறது, எவ்வளவு புகை விடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஃபைபர் தளத்தைப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கலாம்.

அப்புறம் விலை. கேட்கும் விலையோடு, அடுத்த இரண்டு வருடத்தில் கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளின் செலவைக் கூட்டுங்கள். ஒப்பிட வேண்டியது அந்தத் தொகையை. எங்கள் விஷயத்தில் விளம்பர விலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. செலவைக் கூட்டியதும் கான்டெஸா எங்கேயோ போய்விட்டது. மாதக்கணக்கில் படகிலேயே தங்குவதாக இருந்தால் அந்தச் செலவைச் செய்யலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இவர்களுக்கு வேகா போதும் என்றேன்.

பிடித்துப்போனாலும் முழுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி நீங்களே அமர்த்திய சர்வேயர் (படகு ஆய்வாளர்) பார்க்க வேண்டும், கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும், இரண்டில் எது சரியில்லையென்றாலும் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரும் விற்கிறவர் பெயரும் ஒன்றுதானா, படகின் மேல் கடன் பாக்கி உண்டா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.