தாலின் பழைய நகரை மேலிருந்து கீழாகப் பார்ப்பது எப்படி

எஸ்தோனியாவின் தலைநகரான தாலினுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையே கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். கப்பலில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். அதனால் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடும் பயணிகள் ஏராளம். அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. கோடைக்காலப் பகற்பொழுதில் உல்லாசக் கப்பல்களிலிருந்து இறங்கும் கூட்டம் குறுகிய தெருக்களை நிறைத்துவிடும் என்பதால், நகரத்தைப் பார்க்கத் தகுந்த நேரம் அதிகாலையும் மாலையுமே. குறைந்தது இரண்டு இரவுகளாவது பழைய நகருக்கு உள்ளேயோ அருகிலோ தங்குங்கள்.

எஸ்தோனியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் சென்றுவர வழிசெய்யும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்த நாடு. 2011 முதல் அங்கு யூரோ புழங்குகிறது. விமான நிலையம் நகர மையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. ஜூன் மாதத்தில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல் நீளும். டிசம்பரில் ஆறு மணி நேரமே வெளிச்சம் இருக்கும். எந்தப் பருவத்தில் சென்றாலும், தெருக்கள் உருண்டைக் கற்கள் பாவியவை என்பதால், தடித்த அடிப்பாகமுள்ள காலணி அவசியம்.

1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பழைய நகரம், உண்மையில் இரண்டு நகரங்களாக இருந்தது. தூம்பியா குன்றின்மேல் ஆட்சியாளர்களும் ஆயரும் பிரபுக்களும் வாழ்ந்தனர். கீழே, ஹான்சா வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த வணிகர்களும் கைவினைஞர்களும் ஜெர்மானிய வணிக நகரான லூபெக்கின் சட்டப்படி தங்கள் நகரைத் தாங்களே நிர்வகித்தனர். இரண்டுக்கும் நடுவே சுவரும் வாயில்களும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நிர்வாகமும் தனித்தனியாகவே நடந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலிருந்து தொடங்கினால், கட்டடங்கள் ஏன் அவ்விடங்களில் நிற்கின்றன என்பது தானாகவே விளங்கும்.

எனவே காலை எட்டு மணிக்கு முன்பே தூம்பியாவுக்கு ஏறிவிடுங்கள். இன்று நாடாளுமன்றம் இயங்கும் கோட்டையையும், அதற்கு நேர் எதிரே அப்போது எஸ்தோனியாவை ஆண்ட ரஷ்யப் பேரரசு 1900இல் கட்டி முடித்த அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தேவாலயத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெங்காய வடிவக் குவிமாடங்களுடன் அது அந்த இடத்தில் எழுப்பப்பட்டது தற்செயலன்று. பிறகு கோஹ்துஓட்சா, பாட்குலி என்னும் இரு காட்சி மேடைகளுக்குச் செல்லுங்கள். பாட்குலியிலிருந்து மதிற்சுவரும் அதன் கோபுரங்களும் மிகத் தெளிவாகத் தெரியும். நகரச் சுவரில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் இன்றும் எஞ்சி நிற்கிறது.

கீழே இறங்க லூஹிகே யால்க் என்னும் படிகள் கொண்ட குறுகிய வழியைத் தேர்ந்தெடுங்கள். பனி உறைந்திருக்கும் நாள்களில் மட்டும் சரிவான பிக் யால்க் தெருவே பாதுகாப்பானது. இறங்கியதும் நிகுலிஸ்தே தேவாலயத்துக்குள் செல்லத் தவறாதீர்கள். 1944 மார்ச் 9 அன்று சோவியத் குண்டுவீச்சில் சிதைந்து மீட்டெடுக்கப்பட்ட அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். லூபெக் ஓவியர் பெர்ன்ட் நோட்கே 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய மரண நடன ஓவியத்தின் எஞ்சிய பகுதி அங்கே உள்ளது. போப்பாண்டவர், பேரரசர், பேரரசி, கர்தினால், அரசர் என ஒவ்வொருவரையும் எலும்புருவில் வந்த மரணம் ஆட அழைக்கிறது. தாலினில் ஒரே ஒரு கலைப்படைப்பைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால், நான் இதையே சொல்வேன். குளிர்காலத்தில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், திறப்பு நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நகர மன்றச் சதுக்கம் அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ளது. 1404இல் இன்றைய வடிவம் பெற்ற நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே, 1422ஆம் ஆண்டு ஆவணங்களிலேயே குறிப்பிடப்படும் மருந்துக்கடை இன்றும் மருந்து விற்கிறது. சாப்பாட்டுக்கு மட்டும் சதுக்கத்தை விட்டு விலகி, பால்டி யாம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தைக்குச் செல்வது நல்லது. கறுப்பு ரொட்டியின்மீது ஊறவைத்த சிறு மீனை அடுக்கித் தரும் கிலு ரொட்டியைச் சுவைத்துப் பாருங்கள்.

இரண்டாம் நாளைச் சுவருக்கு வெளியே செலவிடுங்கள். டிராமில் ஏறி, முன்கதவின் அருகிலுள்ள கருவியில் வங்கி அட்டையைத் தொட்டாலே கட்டணம் செலுத்தப்பட்டுவிடும். இலவசப் பயணம் நகரில் பதிவுசெய்துகொண்ட குடியிருப்பாளர்களுக்கு மட்டுமே. காத்ரியோர்க்கில் இறங்கினால், ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர் 1718இல் கட்டத் தொடங்கிய அரண்மனையும் அதன் பூங்காவும், அருகிலேயே கூமு கலை அருங்காட்சியகமும் இருக்கின்றன. அங்கிருந்து கடற்கரைப் பக்கமாக நடந்தால் பாடல் விழா அரங்கை அடையலாம். சோவியத் ஆட்சியில் தடைசெய்யப்பட்டிருந்த தேசப் பாடல்களை 1988இல் இலட்சக்கணக்கானோர் திரண்டு பாடிய இடம் இது; 1991 ஆகஸ்ட் 20 அன்று மீண்ட விடுதலையின் வேர் இங்கேயும் இருப்பதால், பழைய நகரை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதிக் கதையோடு திரும்புவதாகும். பெரிய பாடல் விழா ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஜூலையில் நடைபெறும்; உங்கள் பயணம் அதனுடன் சேர்ந்து வருமாயின், விழாவுக்கான நுழைவுச்சீட்டையும் தங்குமிடத்தையும் பல மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்துவிடுங்கள்.