அமெரிக்காவுல அஃபோர்டபிள் ஹவுசிங் வேலைக்குள்ள நுழையறது எப்படி

ஆர்க்கிடெக்சரோ பிளானிங்கோ படிச்சிட்டு, கம்மி வருமானக்காரங்களுக்கு வீடு கட்டுற வேலைக்குப் போகணும்னு வர்றவங்க முக்கால்வாசி பேர் டிசைன் போர்ட்ஃபோலியோவத்தான் தூக்கிட்டு அலையறாங்க. நானும் அலைஞ்சேன், ஒருத்தரும் புரட்டிக்கூடப் பாக்கல. அப்புறம்தான் தெரிஞ்சுது, இங்க முதல்ல கேக்குறது "நம்பர் பாக்கத் தெரியுமா"ன்னுதான்.

அதனால மொதல்ல டேக்ஸ் கிரெடிட் படிங்க. 1986ல வந்த லோ இன்கம் ஹவுசிங் டேக்ஸ் கிரெடிட்தான் இந்தத் துறைக்கு சோறு போடுது. மாநில ஏஜென்சி வரிக்கழிவ ஒதுக்கும், டெவலப்பர் அத வச்சு பேங்க் மாதிரி ஆளுங்ககிட்ட முதலீடு வாங்கி கட்டடம் கட்டுவார், முதலீடு போட்டவங்க 10 வருஷம் வரியில கழிச்சுக்குவாங்க, பதிலுக்கு குறைஞ்சது 30 வருஷம் வாடகை கட்டுப்பாட்டுல இருக்கணும்.

வாடகைக் கணக்க ஒரு தடவ கையால போட்டுப் பாருங்க. ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு 3 பேர்னு கணக்கு, ஒரு பெட்ரூமுக்கு ஒன்றரை ஆள் (சிரிக்காதீங்க, சட்டமே அப்படித்தான்). அந்த ஊர்ல 3 பேர் குடும்பத்துக்கு வருமான வரம்பு வருஷம் 60,000 டாலர்னு வைங்க. வாடகை அதுல 30%க்கு மேல போகக்கூடாது, அதாவது வருஷத்துக்கு 18,000, மாசத்துக்கு 1,500. குடியிருக்கறவங்களே கரண்ட் பில் கட்டுறதா இருந்தா அதுக்கு ஒரு 120 கழிச்சு, 1,380க்கு மேல வாடகை வாங்க முடியாது. இன்டர்வியூல இத எக்செல்ல போட்டுக் காட்டினா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

எந்தக் கதவு வழியா நுழையறதுன்னா, என்னைக் கேட்டா கம்ப்ளையன்ஸ், அதாவது எல்லாம் விதிப்படி நடக்குதான்னு சரிபாக்குற வேலை. யாரும் ஆசைப்பட்டு வர்ற வேலை இல்ல, அதான் இடம் காலியா இருக்கும். குடிவர்றவங்களோட பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் பாத்து வருமானத்த உறுதி பண்ணணும். தாலுகா ஆபீஸ்ல வருமானச் சான்றிதழுக்கு நடையா நடந்தவங்களுக்கு இதோட வலி சொல்லாமலே புரியும். நான் சேர்ந்த எடத்துல வீடு கேட்டு வந்த ஒரு அம்மா, நாலு வீட்டுல பாத்திரம் கழுவுறவங்க, எல்லாம் கேஷ்தான், பேப்பர்னு ஒண்ணுமே கிடையாது. ஆபீஸ்ல அவங்க ஃபைலையே மூடிட்டாங்க. நான் அந்த நாலு வீட்டுக்கும் போன் போட்டு எழுதி வாங்கினேன், ஃபைல் திரும்ப ஓபன் ஆச்சு. வேற ஊர்ல பொறந்து வந்தவங்களுக்கு அந்தப் பொறுமை கொஞ்சம் ஜாஸ்தின்னு நெனைக்கிறேன்.

விசா விஷயத்துல ஏமாந்துராதீங்க. நான்ப்ராஃபிட்னாலே (லாப நோக்கமில்லாத அமைப்பு) ஹெச்1பி வேலை விசாவுக்கு லாட்டரி, அதாவது குலுக்கல், இல்லன்னு சொல்லுவாங்க, அது தப்பு. யுனிவர்சிட்டி, அதோட இணைஞ்ச அமைப்பு, ஆராய்ச்சி அமைப்பு இதுக்குத்தான் விலக்கு. வீடு கட்டுற சாதாரண நான்ப்ராஃபிட் லாட்டரிக்குள்ளதான் வரும். படிப்புல சேர்றதுக்கு முன்னாடியே அந்த டிகிரி ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா ஓபிடி (ஸ்டூடன்ட் விசாவுல படிச்சவங்க வேலை பாக்குற அனுமதி) 12 மாசத்துக்கு மேல இன்னும் 24 மாசம் கிடைக்கும். ஃபெடரல் வேலைக்குப் பெரும்பாலும் சிட்டிசன்ஷிப் கேப்பாங்க, அத நம்பி உக்காராதீங்க.

இந்த மாதிரி வீடு கட்டப் போறதப் பத்தி சாயங்காலம் அக்கம்பக்கத்து மீட்டிங் எங்க நடந்தாலும் போங்க. பார்க்கிங் போயிடும், வீட்டு விலை எறங்கிடும்னு கத்துவாங்க. மொத மூணு மீட்டிங்ல வாயத் தொறக்காதீங்க, யாரு எதுக்கு பயப்படுறாங்கன்னு மட்டும் நோட்டுல எழுதிக்கோங்க. நாலாவது மீட்டிங்ல பார்க்கிங் கணக்க கையில வச்சுட்டுப் பேசுங்க.