அலகுக்குப் பின்னால் புள்ளி எதற்கு?

வேதியியல் ஆய்வேடு திருத்த வந்தால், முதலில் கிராமை எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். ஆங்கிலத்தில் சிறிய ஜி ஒன்றே போதும். மளிகைப் பாக்கெட்டைப் பார்த்துப் பழகி ‘ஜிஎம்’ போடுகிறார்கள். பன்மைக்கு எஸ் சேர்க்காதீர்கள்; வாக்கியம் அங்கே முடிந்தால் தவிர புள்ளியும் வேண்டாம். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இரண்டும் வரி மாறிப் பிரியாது.

பெரிய எழுத்தா சிறியதா என்பதில்தான் வம்பே. சிறிய எம் மில்லி, பெரிய எம் மெகா. இடையே நூறு கோடி மடங்கு! கிலோவுக்குச் சிறிய கே. பெரிய கே என்றால் வெப்பநிலை அலகான கெல்வின். நியூட்டன், பாஸ்கல், வாட் போல ஆள் பெயரில் வந்த அலகுகளின் குறியீடு பெரிய எழுத்தில் தொடங்கும். லிட்டர் யார் பெயரும் இல்லை. ஆனால் சிறிய எல் 1 போலவே தெரிவதால் 1979 முதல் பெரிய எல்லுக்கும் அனுமதி உண்டு. நான் அதையே போடச் சொல்வேன்.

அப்புறம், நொடிக்குச் சிறிய எஸ் மட்டும், ‘செக்’ கூடாது. செல்சியஸுக்கு டிகிரி வட்டம் உண்டு, கெல்வினுக்குக் கிடையாது.